ஆமை முட்டைக்குக் காவல் யார்? – அகநானூறு 160-உம் நம் மாதிரிக் கட்டுரைகளும்

ஆசிரிய நண்பர்களே, எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவர்களே, இம்முறை ஒரு பாடலையும் ஒரு கட்டுரை வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறோம். பாடல், அகநானூற்றில் 160-ஆவது. பாடியவர் குமுழி ஞாழலார் நப்பசலையார். கட்டுரை, ‘வனவிலங்குகளைப் பாதுகாப்போம்’ என்று ஏதாவது ஒரு வடிவத்தில் பயிற்சிக்கு வந்துகொண்டே இருக்குமே, அது. “இந்தப் பாட்டு தேர்வுக்கு வருமா டீச்சர்?” என்று கேட்டால், பாட்டு வராமல் போகலாம், கட்டுரை வரும். அந்தக் கட்டுரைக்கு இந்தப் பாட்டு உதவும் என்பதுதான் என் வாதம்.

பாடலில் நடப்பது இவ்வளவுதான். தோழி தலைவியிடம் பேசுகிறாள். இதுவரை இரவில் மறைந்து வந்த தலைவனின் தேர், இன்று பட்டப்பகலில், ஊரே பார்க்க, ஏவலர் கூட்டத்தின் ஆரவாரத்தோடு வந்துவிட்டது. என் நெஞ்சு நடுங்குகிறது, உனக்கும் அப்படித்தானா என்று கேட்கிறாள். நெய்தல் திணை, தோழி கூற்று. குறிப்பு எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் அந்தத் தலைவன் எப்படிப்பட்ட கடற்கரைக்கு உரியவன் என்று சொல்ல வந்த இடத்தில், புலவர் ஓர் ஆமையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கொஞ்சம் நின்று பாருங்கள். சூல் முற்றிய பெண் ஆமை, அடும்பங்கொடி சிதையும்படி இழுத்து, கழியோரத்து வெண்மணல் மேட்டில் முட்டையிட்டு மறைத்துப் புதைக்கிறது. முட்டை, தந்தத்தில் கடைந்த வட்டுக்காய் போல உருண்டையாக இருக்கிறது. புலால் நாறுகிறது. குஞ்சு வெளிவரும்வரை அகன்ற வாயுடைய ஆண் ஆமை அதைக் காத்துக் கிடக்கிறது. இது எல்லாம் சில அடிகளுக்குள்.

இவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம். முதலில் அடும்பு. குளம்புபோல் பிளந்த இலை, ஊதா நிறப் பூ, மணலில் கயிறுபோல ஓடும் கொடி. மலாய்க்காரர்கள் இதைத் தாப்பாக் கூடா, குதிரைக் குளம்பு, என்பார்கள். கிழக்குக்கரைப் பக்கம் போனவர்கள் காலில் சிக்க நடந்திருப்பீர்கள். பேரலை வழக்கமாக எட்டாத மணல்மேட்டில்தான் இந்தக் கொடி நன்றாகப் படரும். ஆமைக்கும் அந்த இடம்தான் வேண்டும். அதற்குக் கீழே புதைத்தால் கடல்நீர் புகுந்து முட்டை கெட்டுவிடும். ஆக, ‘அடும்பு’ என்ற ஒரு செடிப்பெயரிலேயே கூடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று புலவர் சொல்லிவிட்டார். அடுத்து, மறைத்தல். முட்டையிட்டு முடித்த ஆமை குழியை மூடிவிட்டு, துடுப்புக் கால்களால் சுற்றிலும் மணலை வாரி இறைத்து, எது கூடு எது வெறும் மணல் என்று தெரியாமல் குழப்பிவிட்டுத்தான் கடலுக்குத் திரும்பும். அதுவும் சரி. முட்டையின் வடிவம், நிறம், வாடை எல்லாமே சரி. கோழிமுட்டை பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆமைமுட்டை பிங்பாங் பந்துபோலத் தெரியும். பிங்பாங் பந்து இல்லாத காலத்தில் பளபளப்பில்லாத வெள்ளை உருண்டைக்குத் தந்தத்தைவிட நல்ல உவமை கிடைக்குமா?

இப்போது கடைசிச் செய்தி. ஆண் ஆமை காவல் இருக்கிறதா?

இல்லை. கடலாமையின் கூட்டை ஆணும் காப்பதில்லை, பெண்ணும் காப்பதில்லை. ஆண், குஞ்சாகக் கடலில் இறங்கிய பிறகு பெரும்பாலும் கரையேறுவதே இல்லை. கலவி கடலிலேயே நடந்துவிடுகிறது. முட்டையிட வருவது பெண் மட்டும். அதுவும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ஏறத்தாழ இரண்டு மாதம் அந்த முட்டைகளுக்குத் துணை மணலும் வெயிலும்தான்.

அப்படியானால் புலவர் பொய் சொல்லிவிட்டாரா? இந்தக் கேள்வியை மாணவர்களே கேட்டால் அடக்கிவிடாதீர்கள், நல்ல கேள்வி அது. உள்ளுறையாகப் பார்த்தால் காரணம் தெரியும். ஊர் அறிய வந்துவிட்ட தலைவன் இனித் தலைவியைக் கைவிடாமல் காப்பான் என்ற நம்பிக்கை தோழிக்கு வேண்டும். அந்த நம்பிக்கையை ஏற்றிவைக்க ஒரு கணவன் தேவைப்படுகிறான். அதனால் கடற்கரையில் ஒரு கணவன் முளைத்துவிட்டான். கொடி, மணல், முட்டை, வாடை நான்கும் கண்ணும் மூக்கும் தந்தவை. ஐந்தாவது மனசு தந்தது.

இங்கே இரண்டு பக்கமும் சறுக்கலாம். ஒரு பக்கம், “சங்கப் புலவர்கள் எல்லாம் விலங்கியல் அறிஞர்கள்” என்று மேடையில் முழங்குவது. கைதட்டல் கிடைக்கும், ஆனால் இந்தப் பாட்டே அதை மறுக்கிறது. மறுபக்கம், ஆண் ஆமை காக்காது என்று தெரிந்ததும் பாட்டையே தள்ளிவிடுவது. அதுவும் அநியாயம். நம் மரபில் இதே ஆமையைப் பற்றி இன்னொரு கருத்தும் உண்டு. சைவ சித்தாந்தத்தில் தீட்சை வகைகளை விளக்கும்போது, மீன் பார்வையாலும், பறவை தொடுவதாலும், ஆமை நினைப்பதாலும் குஞ்சு பொரிக்கும் என்று உவமை சொல்வார்கள். நன்றாகக் கவனியுங்கள். தாய் ஆமை பக்கத்தில் இல்லை என்பதை யாரோ சரியாகப் பார்த்திருக்கிறார்கள். தாய் இல்லாமல் எப்படிப் பொரிக்கிறது என்பதற்குத்தான் விடை தெரியவில்லை. ‘நினைப்பு’ என்று நிரப்பிவிட்டார்கள். விடை நினைப்பு அல்ல, மணலின் சூடு.

அந்தச் சூட்டுக்குத்தான் வருகிறேன். அதற்கு முன் நம் கட்டுரையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பயிற்றிகளில் நாம் காணும் மாதிரிப் பத்தி எப்படி இருக்கும்? யாருடையதையும் எடுக்காமல் நானே ஒன்றைக் கட்டிக் காட்டுகிறேன்: “வனவிலங்குகள் இயற்கை நமக்கு அளித்த விலைமதிப்பற்ற செல்வங்களாகும். மனிதனின் பேராசையால் அவை நாளுக்கு நாள் அழிந்து வருகின்றன. எனவே அரசாங்கமும் பொதுமக்களும் கைகோத்துச் செயல்பட்டால் இச்சிக்கலைக் களையலாம்.” பிழை ஒன்றும் இல்லை. ஒற்று சரி, வாக்கியம் சரி. ஆனால் ‘வனவிலங்குகள்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆறுகள்’ என்று போடுங்கள். பத்தி அப்படியே நிற்கிறது. ‘பாரம்பரியக் கட்டடங்கள்’ என்று போடுங்கள், அப்பவும் முக்கால்வாசி நிற்கிறது. பொருளை மாற்றியும் ஆடாத பத்தியில் பொருள் இல்லை என்றுதானே அர்த்தம்? பாதுகாப்போம் பாதுகாப்போம் என்று ஆயிரம் முறை எழுதிய கட்டுரையில் ஒரு விலங்குகூட நடமாடுவதில்லை. நப்பசலையார் சில அடிகளில் ஐந்து செய்தி சொன்னார், நான்கு சரி. நாம் இரண்டு பக்கத்தில் ஒன்றும் சொல்லாததால் ஒன்றும் தப்பில்லை!

சரி, ரந்தாவ் அபாங்குக்குப் போவோம். திரெங்கானுவில், டுங்குன் வட்டாரக் கடற்கரை. ஒரு காலத்தில் உலகமே பேசிய இடம். அங்கே முட்டையிட வந்தது கடலாமைகளிலேயே மிகப் பெரியது. கெட்டி ஓடு கிடையாது, தோல் போர்த்திய முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்பு. மலாயில் பென்யு பெலிம்பிங். பெலிம்பிங் பழத்தின் வரம்பைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் ஏழுவரி ஆமை. 1956-இல் திரெங்கானுவில் இந்த ஆமையின் கூடுகள் 10,000-க்கு மேல். 1995-இல் 37.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஏனென்றால், யாருமே கவலைப்படாததால் நடந்தது அல்ல இது. முட்டை எடுப்பதற்கு உரிமம் கொடுத்து, கடற்கரையைப் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விட்டார்கள். பல ஆண்டு ஏறத்தாழ எல்லா முட்டையும் சந்தைக்குப் போனது. ஆனால் 1961-லேயே ஒரு பொரிப்பகமும் தொடங்கப்பட்டது. எடுத்த முட்டையில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கி, வேலி கட்டிய மணலில் புதைத்து, உடும்பும் நாயும் நெருங்காமல் காத்து, குஞ்சு வந்ததும் கடலில் விட்டார்கள். பாட்டில் வந்த அந்தக் கணவன் இப்போது நிஜமாகவே வந்துவிட்டான், மனித உருவத்தில். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் கடலுக்குப் போயின. பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சி, படத்துக்கும் அழகு.

ஆனால் கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது கருவுறும்போது முடிவாவதில்லை. மணலுக்குள் முட்டை எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸ், அதை ஒட்டித்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே குளிர்ந்தால் ஆண் கூடும், மேலே சுட்டால் பெண் கூடும். கடலாமைகளில் இப்படி நடக்கிறது என்று அறிவியல் உலகம் தெளிவாக அறிந்துகொண்டதே 1980-ஐ ஒட்டித்தான். பொரிப்பகம் தொடங்கி இருபது ஆண்டுக்குப் பிறகு! அப்புறம் திரெங்கானுவில் சான் எங் ஹெங், லியூ ஹோக் சார்க் என்ற இரு கடலியல் ஆய்வாளர்கள் பொரிப்பக மணலின் வெப்பத்தை அளந்து பார்த்தார்கள். அங்கிருந்து போன குஞ்சுகள் ஏறக்குறைய முழுவதும் பெண்ணாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. காவல் இருந்தது. காக்கப்படும் பொருளின் இயல்பு தெரியவில்லை.

மாணவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். “பொரிப்பகத்தால்தான் ஆமை அழிந்தது” என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். அப்படி எழுதாதீர்கள். பெரிய காரணம் முட்டையைத் தின்றது. இன்னொரு பெரிய காரணம் கடலில் இழுவை வலையிலும் பெருங்கடல் மிதவை வலையிலும் சிக்கி இறந்தது. பொரிப்பகத்தின் பிழை, ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்ததை நிமிர்த்தும் வாய்ப்பைப் பாழாக்கியது. மூன்றையும் ஒரே எடையில் வைக்காமல் எழுதத் தெரிந்த மாணவனுக்குத்தான் உயர்நிலைச் சிந்தனை இருக்கிறது என்று நான் புள்ளி போடுவேன்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஏழுவரி ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வளரப் பல ஆண்டு ஆகும். அதனால் 1960-களில் எல்லா முட்டையையும் எடுத்தபோது கடற்கரையில் ஒரு குறையும் தெரியவில்லை. பழைய தாய் ஆமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. “எடுக்க எடுக்க வருதே, எங்கே குறையுது?” என்று கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. பிறக்காமல் போன மகள்கள் வராமல் போனது ஒரு தலைமுறை கழித்துத்தான் தெரிந்தது. கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, ஆண்டுக்கணக்கில் எண்ணிக் குறித்து வைக்க வேண்டும் என்பது இதனால்தான். 1988-இல் ஏழுவரி ஆமை முட்டை விற்பனையைத் திரெங்கானு தடை செய்தபோது காலம் கடந்துவிட்டது. மற்ற ஆமைகளின் முட்டைக்கும் சேர்த்துத் தடை வந்தது 2022-இல்.

இதே மாநிலத்தில், ரெடாங் தீவின் சாகார் ஹுத்தாங் கடற்கரையில் வேறு விதமான காவல் ஒன்று 1993 முதல் நடக்கிறது. இன்றைய மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகத்தின் ஆமை ஆய்வுக் குழு அங்கே இருக்கிறது. அவர்கள் முட்டையைத் தொடுவதே அரிது. ஆமை எங்கே புதைத்ததோ அங்கேயே விட்டுவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, இரவெல்லாம் சுற்றி வருகிறார்கள். அலை அடித்துவிடும் இடத்தில் இருந்தால் மட்டும் மாற்றுவார்கள். ஆமையின் துடுப்பில் எண்ணிட்ட வில்லை ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதனால்தான் ஒரு பச்சை ஆமை ஒரே பருவத்தில் பலமுறை முட்டையிடும், பிறகு சில ஆண்டு வராது, மறுபடி அதே கரைக்கு வரும் என்றெல்லாம் சொல்ல முடிகிறது. சான் எங் ஹெங் பின்னர் 2011-இல் மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கவும் காரணமாக இருந்தவர். கெமாமான் ஆற்றில் துந்தோங் சுங்கை என்ற ஆற்றாமைக்காக வேலை செய்யும் அமைப்பு அது.

கடற்கரையை விட்டுக் காட்டுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். நப்பசலையார் தேடிய கணவன் கடற்கரையில் இல்லை, ஆனால் நம் காட்டில் உண்டு. பேராக்கின் பெலும்–தெமெங்கோர் காட்டில், நம் நாட்டின் பத்து வகை இருவாட்சிப் பறவைகளும் இருக்கின்றன. முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய், வாயிலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னப் பிளவு மட்டும் மிஞ்சும். ஆண் வாரக்கணக்கில், பெரிய இனங்களில் மாதக்கணக்கில், அத்திப்பழமும் பூச்சியும் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்டும். அந்த ஆணைச் சுட்டுவிட்டால் உள்ளே இருப்பவற்றின் கதி என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம். தலையில் கெட்டியான கொம்புக்கட்டி கொண்ட இருவாட்சி ஒன்று உண்டு. அந்தக் கட்டியைத் தந்தம்போலச் செதுக்கலாம் என்பதற்காகவே அதைக் கொல்கிறார்கள். 2015 முதல் அது உலக அளவில் மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ள இனம் என்று பட்டியலில் இருக்கிறது.

இங்கேயும் இயல்பு தெரிந்தால்தான் பாதுகாப்பு. இருவாட்சியால் மரங்கொத்திபோல் பொந்து குடைய முடியாது. கிளை முறிந்தோ உளுத்தோ தானாக உண்டான பொந்து வேண்டும். அது பெரிய, வயதான மரத்தில்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட மரத்தைத்தான் வெட்டுமரக்காரர்களும் தேடுகிறார்கள். ஆகவே “ஒரு மரம் வெட்டினால் இரண்டு கன்று நடுவோம்” என்ற வரி இருவாட்சிக்கு உதவாது. கன்றில் பொந்து வர நூறாண்டுகூட ஆகலாம், அதுவரை பறவை எங்கே போகும்? கட்டுரையில் நாம் எல்லோரும் எழுதும் வரி அது. அழகான வரிதான், ஆனால் ஆண் ஆமை மாதிரி, மனசு தந்த வரி. தெமெங்கோரில் மலேசிய இயற்கைச் சங்கத்தோடு ஓராங் அஸ்லி மக்களும் சேர்ந்து, மாலையில் கூடு திரும்பும் இருவாட்சிகளை எண்ணுகிறார்கள். எந்த மரத்தில் கூடு என்பதைக் காட்டுவதும் அவர்கள்தான்.

வகுப்பில் இதை எப்படிக் கொண்டுபோகலாம்? நான் பரிந்துரைப்பது எளிது. பாடலைச் சொற்பொருளோடு படித்த பின், மாணவர்களை இரண்டு நிறப் பேனா எடுக்கச் சொல்லுங்கள். புலவர் பார்த்தது ஒரு நிறம், புலவர் விரும்பியது இன்னொரு நிறம். தவறாகப் பிரித்தாலும் விடுங்கள், ஏன் என்று கேளுங்கள். பிறகு அதே பேனாக்களோடு தங்கள் பழைய கட்டுரையைத் திறக்கட்டும். பெரும்பாலான ஏடுகளில் முதல் நிறத்துக்கு வேலையே இருக்காது.

அடுத்து ஒரு பத்தியை மட்டும் திருப்பி எழுதச் சொல்லுங்கள். முழுக் கட்டுரை வேண்டாம், நேரம் ஆகாது. மேலே நான் கட்டிய பத்தியை நானே மாற்றினால் இப்படி வரும்:

“திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு முட்டையிட வந்த ஏழுவரி ஆமைகள் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டன. 1956-இல் அம்மாநிலத்தில் 10,000-க்கு மேல் இருந்த கூடுகள் 1995-இல் 37 ஆகக் குறைந்தன. முட்டைகள் விற்கப்பட்டதும் ஆமைகள் மீன்வலைகளில் சிக்கி இறந்ததும் முதன்மைக் காரணங்களாகும். பொரிப்பகம் அமைத்தும் பயன் குறைவாகவே இருந்தது. மணலின் வெப்பமே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது என்பது அப்போது அறியப்படவில்லை. இன்று ரெடாங் தீவில் முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுக் காக்கின்றனர்.”

இதில் ‘ஆறுகள்’ என்று போட்டுப் பாருங்கள், உடைந்துவிடும். மொழியில் அலங்காரம் ஒன்றும் இல்லை. மாணவர்களால் மனப்பாடம் செய்யாமலே எழுதக்கூடிய சொற்கள்தான். இரண்டு ஆண்டுக்கணக்கு, ஓர் இடப்பெயர், ஒரு காரணம் நினைவில் இருந்தால் போதும். ஆமை பிடிக்காத மாணவனுக்கு இருவாட்சியைக் கொடுங்கள். குவாலா சிலாங்கூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சதுப்புநிலக் காடும் அங்கே வலசை வரும் கரைப்பறவைகளும் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பதை எடுத்தால் போய்ப் பார்த்துவிட்டும் எழுதலாம்.

பாடலுக்கு விடை எழுதும்போது ஒரு சிறு கவனம். ஆண் ஆமை காக்கும் செய்தியை ‘பாடல் கூறுகிறது’ என்று எழுதுங்கள், ‘ஆண் ஆமை காக்கும்’ என்று நேராக எழுதாதீர்கள். உள்ளுறை கேட்டால் அந்த வரியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நெய்தலின் கருப்பொருள் கேட்டால் அடும்பை விட்டுவிடாதீர்கள், நிறைய பேர் ஆமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.